கற்பூரத்தை அணைத்த கை

என் அன்பு நைனாவுக்கு,

அடுத்த வாரம் உனக்கு முதல் வருஷத் திதி வருகிறது. தெரு மன்றத்துக்காரர்கள் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார்கள். பிள்ளையார் கோயில் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் உனக்குப் பெரிய பிளெக்ஸ் வைக்கப் போகிறார்களாம். மேலே ‘தேசம் காத்த எங்கள் தெருவின் வீரர்’ என்று போட்டு, கீழே எல்லாருடைய பெயரும் வருமாம்.

“யூனிபார்ம்ல விறைப்பா நிப்பாரே மாமா, அந்தப் போட்டோவக் குடும்மா நந்தினி” என்றார் கோபி அண்ணன்.

எடுத்து வந்து காட்டினேன். நீ பட்டாளத்தில் சத்தியம் செய்த நாளில் எடுத்த படம். அதில் நீ தனியாக இல்லை. உன் தோள்மேல் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். கோபி அண்ணன் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பக்கத்துல இருக்கிற ஆளத் தூக்கிடலாம், கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை. தோள்மேல இருக்கிற கைதான் ரோதனை. அதுக்கும் வழி இருக்குது. மேல ஒரு மாலையப் போட்டு மறைச்சிடலாம்.”

அந்தக் கை யாருடையது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கோபி அண்ணனுக்கும் தெரியும். “அம்மாவக் கேட்டுட்டுத் தரேண்ணா” என்று படத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேச எனக்கு யோக்கியதை ஏது? அவர்கள் மறைக்கப் பார்ப்பது படத்தில் இருக்கும் ஒரு கையை. நான் அந்த ஆளையே நம் வீட்டிலிருந்து வெட்டி எடுத்துவிட்டேன்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ எதிரில் இருந்தால் எனக்கு வாயே வந்திருக்காது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் இந்த வாயால்தானே? பத்தாம் வகுப்பில் ஒரு நாள் காலை வணக்கத்தில் உறுதிமொழி சொல்ல என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். நான் ஒரு வரி சொன்னால் பள்ளி முழுவதும் கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாரும் கையை நீட்டிவிட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நீட்டிய கைகள் அப்படியே நிற்கின்றன, நான் மைக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும்.

மறுநாள் போக மாட்டேன் என்றேன். அடுத்த நாளும். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அம்மா என்னைத் தறியில் உட்காரவைத்தாள். நம்முடையது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அம்மா உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து நான் கரைக்குக் குறுக்கு நூல் ஓடும் நாடாவை எறிய வேண்டும். வாயே திறக்க வேண்டாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

அன்று நீ என்னைத் திட்டவில்லை. தறி ஓரமாக வந்து உட்கார்ந்தாய்.

“இதுக்கா அழற? நானும் அன்னிக்கி வாயத்தாம்மா அசைச்சேன்.”

அப்போதுதான் அந்தக் கதையை முதல் தடவையாகச் சொன்னாய். மலை மேலே பயிற்சி முகாம். மைதானத்தில் கொடி. மேசைமேல் அவரவர் மதத்துப் புனித நூல். ஒருவர் பின் ஒருவராகப் போய் அதைத் தொட்டு, எல்லாரும் சேர்ந்து இந்தியில் சத்தியம் சொல்ல வேண்டும். உனக்கு அப்போது தெரிந்த இந்தி, நில் என்றால் நிற்பதும் திரும்பு என்றால் திரும்புவதும்தான்.

“அல்லாரும் இன்னாமோ சொல்றாங்க. நான் மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடிக்கினு இருக்கிறேன். பக்கத்துல சூசை கணீர்னு சொல்றான். சர்ச்சுல பாடின தொண்டையாச்சே.”

சாயங்காலம் சமையல் கூடத்துக்குப் பின்னால் நீ அவரிடம் கேட்டிருக்கிறாய். “டேய் சூசை, நான் எதுவும் சொல்லவே இல்லடா. சத்தியம் செல்லுமா?”

“செல்லாது மச்சான். வா, தமிழ்ல சொல்றேன். கூடவே சொல்லு.”

அவர் சொல்லச் சொல்ல நீ சொன்னாயாம். அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன், போகச் சொன்ன இடத்துக்குப் போவேன், உயிருக்கே ஆபத்து என்றாலும் கடமையிலிருந்து விலக மாட்டேன். நடுவில் நிறுத்திக் கேட்டாயாம்: “இது யாருக்குடா பண்ற சத்தியம்? பிரதம மந்திரிக்கா?”

“எந்த மந்திரிக்கும் இல்ல. நாட்டோட அரசியலமைப்புக்கு. சட்டத்துக்கெல்லாம் தாய்ச் சட்டம்.”

“அதுல இன்னா இருக்குது?”

“உங்க தெருவும் எங்க தெருவும் ஒண்ணுன்னு இருக்குது.”

“நெஜமாவா?” என்று நீ கேட்டதும் அவர் சிரித்தாராம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அந்தச் சிரிப்புதான் ரொம்ப நாள் உன் காதில் இருந்தது என்றாய். மைதானத்தில் சொன்னது கணக்கில் இல்லை, சூசை முன்னால் சொன்னதுதான் உன் சத்தியம் என்றாய். நான் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டு என்ன பிரயோஜனம், நைனா?

இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சூசை மாமா திருப்புட்குழிப் பக்கத்து ஊரில், காலனித் தெருவில் பிறந்தவர். நைனாவும் அவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். லீவுக்கு ஒரே ரயிலில் வந்து இறங்குவார்கள். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்துவிடுவார்கள்.

நைனா, நீயே என்னிடம் சொன்ன இன்னொரு கதையையும் சொல்லிவிடவா? கோபித்துக்கொள்ளாதே. ஒரு லீவில் அம்மாவுக்கு வாங்கிய சால்வை மாமாவின் பெட்டிக்குள் போய்விட்டது. அதைக் கொடுக்க அவர் நம் தெரு முனை வரைக்கும் வந்துவிட்டார். நீ ஓடிப்போய் அவரை அங்கேயே நிறுத்தி, டீக்கடைக்கு அழைத்துப் போனாய்.

“வீட்டுக்குக் கூப்புடாம டீ வாங்கிக் குடுத்தேம்மா. அவனும் குடிச்சிட்டு, ‘டீ நல்லா இருக்குது மச்சான்’னுட்டுப் போனான். அதுக்கு அவன் என்னச் செருப்பால அடிச்சிருக்கலாம்.”

பென்ஷனில் வந்த பிறகு நீ அந்த அரசியலமைப்புத் தடிப் புத்தகத்தைத் தமிழில் வாங்கி வந்து, விரலை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாய். “புராணம் படிக்கிற வயசுல இன்னாத்தப் படிக்கிறாரு பாரு” என்று அம்மா கிண்டல் செய்வாள். பதினேழாவது பிரிவில் உன் விரல் நின்றுவிட்டது. தீண்டாமை ஒழிக்கப்பட்டுவிட்டது என்று அதில் இருந்தது. “இத்துனூண்டு வரிதானா? இதுக்கா நான் இத்தினி வருஷம் பனியில நின்னேன்?” என்றாய். பிறகு நீயே, “இதுக்குத்தான் போல” என்றாய்.

அந்த மழைக்காலத்தில்தான் மாமாவின் வீட்டுக் கூரை உட்கார்ந்துவிட்டது. நீ ஆட்டோ பிடித்துப் போய் மாமாவையும் அவர் மனைவி ஸ்டெல்லா அத்தையையும் பாத்திரம் பண்டத்தோடு நம் பின்கட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாய். தெரு முனையில் ஆட்டோ நின்றதும் நீ முன்னால் இறங்கி, அவருடைய தகரப் பெட்டியை உன் தலையில் வைத்துக்கொண்டு தெரு நடுவில் நடந்து வந்தாய். அம்மாவுக்குப் பயம். எனக்கு எல்லாரும் பார்க்கிறார்களே என்று கூச்சம்.

குழாயடியில் காஞ்சனா அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள். “மாமாவாம் மாமா! எந்த வழியில மாமாடி? அம்மா வழியிலயா, ஆயா வழியிலயா?” குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். “துப்பாக்கி வழியில மாமான்னு சொல்லும்மா” என்று நீ சிரித்தாய். நான் போய்ச் சொல்லவில்லை. எனக்கு எங்கே வரும்?

பிறகு அம்மன் கோயிலில் தெருக் கூட்டம் போட்டார்கள். தெருவில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் வீடு விடுவதில்லை என்று வீட்டுக்கு ஓர் ஆள் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். யார் பெயரையும் அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. உன் முறை வந்ததும் நீ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கால்களை அகட்டி நின்றாய், பரேடில் நிற்பது மாதிரி.

“நான் ஏற்கனவே ஒரு சத்தியம் பண்ணிட்டம்பா. அதுக்கு எதிரா இன்னொண்ணு பண்ண வாய் வராது.”

“அதான் ரிட்டயர் ஆயிட்டியே தம்பி” என்றார் தெருத் தலைவர் ஏகாம்பரம் பெரியப்பா.

“பென்ஷன் வந்தா சத்தியமும் ரிட்டயர் ஆயிடுமாண்ணே? எனக்கு யாரும் சொல்லலியே!”

கூட்டமே சிரித்துவிட்டது. பெரியப்பாவும் சிரித்துவிட்டார். விஷயம் அதோடு அடங்கியது. உன்னிடம் அவர்களுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது, கொஞ்சம் பிரியமும் இருந்தது. அந்தப் பிரியத்தை நம்பித்தான் நீ அப்படிச் சிரித்தாயா?

போன ஆவணியில் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். மாமாதான் ஓடி வந்தார். அடிபட்ட சிப்பாயைத் தூக்குகிற மாதிரி உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார். பின்னாலேயே பெரியப்பா, உன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். ஏன் செருப்பை எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அன்று யாருடைய கை யார்மேல் பட்டது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பாடை தூக்கும்போது பார்த்தார்கள். மாமா தோள் கொடுக்க முன்னால் வந்தார். “நீ பின்னால வாப்பா” என்று பெரியப்பா மெதுவாகத்தான் சொன்னார். மாமா பின்னால் போய்விட்டார். சுடுகாட்டில் எல்லாரும் திரும்பிய பிறகும் அவர் மட்டும் உன் நெருப்புக்கு முன்னால் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றார் என்று சொன்னார்கள்.

உன்னிடம் தெருவைப் பற்றிக் கோள் சொல்வதற்காக நான் எழுதவில்லை. நீ போன பிறகு நம் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் எல்லா வீட்டிலிருந்தும் சோறு வந்தது. காஞ்சனா அத்தை அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துக்க வீடு என்று பின்கட்டைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. ஆடி மாதம் கிட்டே வரும்போதுதான் மறுபடியும் ஆரம்பித்தது.

தெருவில் பாவு நீட்டுவது எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒரு சேலைக்கு வேண்டிய நீள நூல்களையெல்லாம் தெரு நெடுகப் பிடித்து, இழை இழையாகப் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். ஒரு வீட்டால் முடியாது. அதனால் வீட்டுக்கு ஓர் ஆள் வருவார்கள். இன்று உன் பாவு, நாளை என் பாவு. கூலி கிடையாது, கூப்பிடவும் வேண்டாம். விடியற்காலையில் பாவு கட்டத் தெருவில் முளை அடிக்கிற சத்தம் கேட்டாலே கதவுகள் திறக்கும்.

அம்மா முளை அடித்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை.

எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்கள். காபி வாசனை வந்தது, பாத்திரச் சத்தம் வந்தது. அம்மா மறுபடியும் அடித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்தது மாமாவும் ஸ்டெல்லா அத்தையும்தான். நாங்கள் நான்கு பேர் தெரு நெடுக நூலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாமா வடம் இழுப்பது மாதிரி இறுக்கிப் பிடித்தார். அத்தைக்கு எந்த இழையை எங்கே பிரிப்பது என்று தெரியவில்லை. ஒரு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“மிலிட்டரியக் கூப்புடு, வந்து நீட்டிக் குடுக்கும்!”

உள்ளே சிரித்தார்கள். மாமா நூலை விடவில்லை. வெயில் ஏறியது. இழைகள் முறுக்கிக்கொண்டன, அறுந்தன, ஒட்டிக்கொண்டன. கடைசியில் அம்மா சிக்கலை அப்படியே வாரிக் கூடையில் போட்டு உள்ளே எடுத்து வந்தாள். தறி சும்மா கிடந்தது.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். கூடையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

“தெருவுக்கு நீ வேணும், உனக்குத் தெரு வேணும்மா. நான் இன்னா கல்லா? வர வெள்ளிக்கிழமை கோயிலாண்ட வந்து ஒரு கற்பூரத்த அணைச்சிட்டுப் போனா, மறுநாளே பாவு நீண்டுடும். நீ வராத, நல்ல நாளும் அதுவுமா. பொண்ண அனுப்பு.”

புருஷன் போனவள் சாமி முன்னால் நிற்கக் கூடாதாம். அதையும் அம்மாவின் முகத்துக்கு நேராகத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு அம்மா என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்: “என்னக் கேக்காத நந்தினி. போன்னும் சொல்ல மாட்டேன், போவாதன்னும் சொல்ல மாட்டேன்.” யாராவது என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தால் இன்று எனக்கு இத்தனை வெட்கம் இருக்காது. நானேதான் போனேன். பாவாடை தாவணி கட்டி, பூ வைத்துக்கொண்டு போனேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், நம்பு. என் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று நினைத்துத்தான் போனேன். பள்ளியில் அடைத்த மாதிரி இங்கேயும் அடைக்கும், ‘கூச்ச சுபாவம், விடுங்க’ என்று அனுப்பிவிடுவார்கள், சத்தியம் செய்யாமலே செய்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு கள்ளக் கணக்கு.

பெரியப்பா தட்டில் கற்பூரம் ஏற்றினார். வரியைச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். குரல் வந்தது, நைனா. கோயில் வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி வந்தது. எங்கள் தெருவில் பிறக்காதவர்களுக்கு எங்கள் வீட்டில் இடம் கொடுக்க மாட்டோம், அம்மன் மேல் ஆணை. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

“பரவால்லியே, மிலிட்டரிக்காரு பொண்ணு! கணீர்னு சொல்லுது பாரு” என்றாள் காஞ்சனா அத்தை.

கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைத்தேன். சுட்டது ஒரு நொடிதான். கையில் கொஞ்சம் கரி. அதுவும் கழுவியதும் போய்விட்டது.

அந்தக் குரல்தான் என்னைப் போட்டு அறுக்கிறது. நல்லதைச் சொல்ல வேண்டிய அன்றைக்கு வராத குரல், இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது? பயம் இருந்தால் குரல் போகும் என்று நினைத்திருந்தேன். பயம்தான் அன்று என் தொண்டைக்குள் உட்கார்ந்து பேசியதா?

நான் வீட்டுக்குத் திரும்புவதற்குள் மாமாவுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் இருவரும் சாமான்களைக் கட்டினார்கள். ஏனாத்தூரில் அவர் வாட்ச்மேன் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைத்திருக்கிறதாம். ஸ்டெல்லா அத்தை பின்கட்டைக் கழுவிவிட்டு, வாசலில் கோலமும் போட்டாள். காலி செய்கிற வீட்டுக்கு யாராவது கோலம் போடுவார்களா?

மாமா சாவியைக் கொண்டு வந்தார். நான் கையை நீட்டினேன். சின்ன வயதில் அவர் லீவில் வாங்கி வந்த மிட்டாயை நீ கொண்டு வந்து கொடுப்பாய். பின்கட்டுக்கு வந்த பிறகு அவரே என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிடுவார். அன்று தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து சாவியைத் தறிப் பலகையின் ஓரத்தில் வைத்தார்.

“வரட்டாம்மா. நல்லா நெய்யி.”

எனக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்று அப்படி வைத்தார். அவர் கை என்மேல் படாமல் அவரே பார்த்துக்கொண்டார். என் வீட்டில், உன் தறியில், உன் தோள்மேல் கை போட்டவர். கற்பூரம் சுடாத சூடு அப்போதுதான் என் கையில் சுட்டது.

அதற்கு அடுத்த நாள் அம்மா முளை அடித்தாள். எல்லாக் கதவும் திறந்தது. பெரியப்பாவே முனையைப் பிடித்தார். பேச்சும் சிரிப்புமாக, வெயில் வருவதற்கு முன்பே பாவு சுருட்டியாகிவிட்டது. அவ்வளவு ஒழுங்கான பாவு நம் வீட்டுத் தறியில் ஏறியதே இல்லை என்று அம்மா சொன்னாள். ஒரு இழைகூட அறுந்து போகவில்லை. அந்தச் சேலையைத்தான் இப்போது நெய்துகொண்டிருக்கிறோம். கரைக்கு நாடாவை எறியும்போதெல்லாம் அந்தப் பலகை ஓரம் கண்ணில் படுகிறது.

தெருவில் எல்லாரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். காஞ்சனா அத்தை வடை கொடுத்தனுப்புகிறாள். பின்கட்டுக்கு வேறு ஆள் பார்த்திருக்கிறார்கள், பெரியப்பாவின் அக்கா மகனை. முதல் வருஷம் முடிந்ததும் வருகிறார்களாம். அதற்குள் உன்னைத் தேசம் காத்த வீரராகக் கோயில் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள்.

உன் மெடல் எனக்கு வந்தது. உன் தகரப் பெட்டி வந்தது. உன் மூக்கும் வந்திருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தச் சத்தியமும் தானாக வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அது அப்படி வராது, அவரவர் வாயால் சொல்ல வேண்டும் என்று இப்போது தெரிகிறது. உன்னிடம் உயிருக்கே ஆபத்து வந்தாலும் விலக மாட்டாயா என்று கேட்டார்கள், நீ சரி என்றாய். என்னிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. ஒரு பாவைத்தான் கேட்டார்கள்.

அம்மன் கோபித்துக்கொள்வாளா என்று பயமாகத்தான் இருக்கிறது. நேற்று சாயங்காலம் போய் அவள் முன்னால் நின்றேன். மனசுக்குள் சொன்னேன்: உன்மேல் ஆணை என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அந்தக் கற்பூரத்தை உனக்காக நான் அணைக்கவில்லை, பாவுக்காக அணைத்தேன். அவள் எலுமிச்சை மாலையோடு எப்போதும் போல உட்கார்ந்திருந்தாள். அவள் எந்தத் தெருவில் பிறந்தாள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

கோபி அண்ணனிடம் பிளெக்ஸ் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். வாயால் வராவிட்டால் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். பிளெக்ஸுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை உன் முதல் வருஷத்தன்று காலையில் பிள்ளையார் கோயில் பலகையில் ஒட்டுவேன். மேலே அந்தப் போட்டோவின் நகல் இருக்கும். இரண்டு முகமும் இருக்கும், தோள்மேல் கையும் இருக்கும். மாலை போட மாட்டேன்.

எழுதியதை அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். அடுத்த பாவு வரப் போகிறது. மறுபடியும் ஒரு கதவும் திறக்காமல் போகலாம். அது என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எழுத்து பொடிசா இருக்குது. பெருசா எழுது. கண்ணாடி போடாதவங்க எப்பிடிப் படிப்பாங்க?”

அதனால் இது இரண்டாவது தடவை எழுதியது, பெரிய எழுத்தில்.

பெரியப்பா, நீங்களும் இப்போது பலகை முன்னால் நின்று படித்துக்கொண்டிருப்பீர்கள். நைனாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஓடியதை நான் மறக்கவில்லை. உங்களைப் பார்த்தால் எனக்குப் பேச வராது, அதனால் இங்கேயே சொல்கிறேன். அன்று கோயிலில் நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் பின்கட்டு உங்கள் அக்கா மகனுக்கு இல்லை. அது சூசை மாமாவுடையது. அவர் வர மாட்டேன் என்று சொன்னாலும் பூட்டியே கிடக்கும். எங்கள் வீட்டுப் பாவுக்கு நீங்கள் வராமல் போகலாம். உங்கள் வீட்டில் முளை அடிக்கிற சத்தம் கேட்டால் நான் எப்போதும் போல வருவேன். வேண்டாம் என்று நீங்கள் சொல்கிற வரைக்கும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நைனா, இதை ஒட்டிய கையோடு நான் ஏனாத்தூருக்குப் பஸ் ஏறுவேன். தனியாகப் பஸ்ஸில் போனதில்லை. கண்டக்டரிடம் ஊர் பேர் சொல்வதற்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எப்படியாவது சொல்லிவிடுவேன். மாமா என்னை உள்ளே கூப்பிடுவாரா, இல்லை தெரு முனையிலேயே நிறுத்தி டீ வாங்கிக் கொடுப்பாரா? டீ வாங்கிக் கொடுத்தால் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

சாவியை அவர் கையில் வைப்பேன். உள்ளங்கையில் வைத்து, விரல்களை நானே மூடிவிடுவேன். பிறகு அவரிடம் ஒன்று கேட்பேன். சமையல் கூடத்துக்குப் பின்னால் உனக்குச் சொன்னதை எனக்கும் தமிழில் சொல்லச் சொல்வேன். நான் பட்டாளத்தில் சேரப் போவதில்லை, எனக்கு யாரும் துப்பாக்கி தரப் போவதில்லை. இருந்தாலும் அந்த இத்துனூண்டு வரியைக் காக்க இந்தத் தெருவிலும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லட்டும். நான் கூடவே சொல்வேன்.

வாயை மட்டும் அசைக்க மாட்டேன், நைனா. இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் மகளும்
சூசை மாமாவின் மருமகளுமான
நந்தினி